அளக்க வந்த நாளில் துணி காய்ந்தது

புகையை எடை போடுவதுதான் என் வேலையாக இருந்தது. பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சந்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "உங்க செல்வி ஆபீஸ்ல என்னதான் பண்ணுது?" என்று யாராவது கேட்டால் என் அம்மா தயங்காமல் சொல்வாள்: "சிம்னில புகை போவுதில்ல, அது எத்தினி டன்னுன்னு கணக்குப் போடுது." கேட்டவர் ஒருமுறை வானத்தைப் பார்ப்பார். பிறகு அம்மாவைப் பார்ப்பார், பரிதாபமாக.

ஆனால் புகைக்கு எடை உண்டு. நாட்டிலுள்ள அனல் மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் எவ்வளவு தூசி விடுகின்றன, எவ்வளவு கந்தக வாயு, எவ்வளவு நைட்ரஜன் வாயு என்று நாங்கள் கணக்கிட்டோம். பெங்களூரில், ஜன்னலைத் திறந்தால் தூங்குமூஞ்சி மரம் மட்டுமே தெரிகிற ஓர் அறையில் இருந்துகொண்டு. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு புகைபோக்கி கிடையாது. பார்க்காததை எண்ணுகிற வேலை அது. நட்சத்திரங்களை எண்ணுகிறவர்களாவது அவற்றைப் பார்க்கிறார்கள்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வழியனுப்பு விழாவில் கேக் வெட்டி முடிந்ததும் பிரியா என் கையைப் பிடித்துத் தன் கணினி முன்னால் உட்கார வைத்தாள். சேலத்துப் பெண், எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்தவள். திரையில் இந்தியா. அதன் மேல் அங்கங்கே சிவப்புத் திட்டுகள், தட்டம்மை வந்த குழந்தையின் முதுகு போல.

"சாட்டிலைட் எடுத்ததுக்கா. நைட்ரஜன் டை ஆக்சைடு. எந்த பவர் பிளான்ட்டு எவ்ளோ விடுதுன்னு மேலேருந்தே தெரியுது. நீங்கல்லாம் எதுக்குக்கா லெட்டர் போட்டு, ட்ரெயின் ஏறி, சிம்னி மேல ஏறி..."

கேலி இல்லை அவள் குரலில். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"அந்தக் காலத்துல எப்படித்தான் பண்ணீங்க? எழுதி வைங்கக்கா. நாங்க படிப்போம்."

அது வாயுவின் படம், பிரியா. சாம்பல் தூசியைப் புகைபோக்கி வாரியாகப் பிரித்துக் காட்ட அந்தக் கண்ணுக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் அதனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அது சொல்லாமல் வருகிறது. அதற்காக யாரும் துணி துவைப்பதில்லை. இந்தக் கடைசி வாக்கியம் புரிய வேண்டுமானால் நீ ஒரு கதை கேட்க வேண்டும்.

*

1991இல் சேர்ந்தேன். வேதியியல் பட்டம், தட்டச்சு, நாலு மொழி. கற்றுக்கொண்ட ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தராசைத் தொடாமல் எடை போடவும், கேட்பது தெரியாமல் கேட்டுக் கடிதம் எழுதவும் பழகினேன், அவ்வளவுதான். கற்றுக்கொடுத்தவர் வத்சலா மேடம். எங்கள் பிரிவின் தலைவி, மைசூர்க்காரர். மகிழ்ச்சி வந்தால் கன்னடம் பேசுவார், கோபம் வந்தால் தமிழ். எங்கள் மொழி கோபத்துக்கு வசதியாக இருக்கிறதாம்.

கணக்கு இப்படி. ஒரு நிலையம் வருடத்துக்கு எவ்வளவு நிலக்கரி எரிக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டுக் கரியில் கல்லும் மண்ணும் அதிகம். எரிந்து முடிந்தால் மூட்டை மூட்டையாகச் சாம்பல் மிஞ்சும். கனமானது கொதிகலனின் அடியில் விழும். மற்றதெல்லாம், அதுதான் பெரும்பங்கு, மாவாகப் புகையோடு பறக்கும். அந்த மாவைப் பிடிக்கப் புகைபோக்கிக்கு முன்னால் ஒரு பெரிய பெட்டி இருக்கும். ஈ.எஸ்.பி. என்பார்கள். உள்ளே வரிசையாகத் தகடுகள். மின்சாரம் ஏற்றினால் சாம்பல் போய் ஒட்டிக்கொள்ளும், சுத்தியல்கள் தட்டித் தட்டிக் கீழே உதிர்க்கும். பெட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு சாம்பலைப் பிடிக்கிறது என்று வை. பழசாகி, தகடு வளைந்து, தொண்ணூற்றெட்டு ஆகிவிட்டது என்று வை. ஒன்றுதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் தப்பிப் போவது ஒன்றாக இருந்தது, இப்போது இரண்டு. பெட்டிக்குள் நிற்பவருக்கு அது ஒரு சதவீதம். புகைபோக்கிக்குக் கீழே வீடு வைத்திருப்பவருக்கு இரண்டு மடங்கு.

நிலையங்களுக்குக் கடிதம் போட்டு விவரம் கேட்போம். சிலர் தருவார்கள். சிலர் தீபாவளி வாழ்த்து அனுப்புவார்கள், விவரம் அனுப்ப மாட்டார்கள். பதிலே வராத நிலையத்துக்கு, அதே வயசும் அதே கரியும் உள்ள வேறொரு நிலையத்தின் எண்ணைக் கடன் வாங்கிப் பென்சிலில் எழுதுவோம். பக்கத்து வீட்டு எண் என்று அதற்குப் பெயர். நிலையம் தானே விவரம் தந்து நாங்கள் கணக்கிட்டால் நீல மை. நேரில் போய்ப் புகைபோக்கியில் அளந்தால் கறுப்பு மை. நீலம் வந்தால் பென்சில் எழுந்து இடம் விட வேண்டும். கறுப்பு வந்தால் நீலம் எழுந்திருக்க வேண்டும். பஸ்ஸில் பெண்கள் இருக்கை மாதிரி, அதில் வாதமே கிடையாது. உலகம் முழுக்க இந்த வேலை செய்பவர்களின் பழக்கம் அது. அளந்ததுதான் ராஜா.

மேடம் ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படிப்பார். பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிப்பதுபோல. அந்த எண் "உள்ளேன் அம்மா" என்று சொல்லும்வரை காத்திருப்பவர் போல மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பிறகு கேட்பார்.

"நோடு செல்வி, இதுல நமக்குத் தெரியாதது எஷ்டு?"

எவ்வளவு தெரியும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

*

ஒரு சமயம் அரசாங்கம் பழைய நிலையங்களுக்குப் புது ஈ.எஸ்.பி. போட முடிவு செய்தது. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் முடியாது. எது முதலில் என்று பார்க்க எங்கள் பட்டியலைக் கேட்டார்கள். மத்திய இந்தியாவில் ஒரு நிலையம் எங்கள் கணக்கில் உச்சியில் நின்றது. பெயர் வேண்டாம், சாம்பல் எல்லா ஊரிலும் ஒரே நிறம்தான்.

அந்த நிலையத்தின் தலைமைப் பொறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. புதுப் பெட்டி பொருத்த யூனிட்டை மாதக்கணக்கில் நிறுத்த வேண்டும். ஊரெல்லாம் மின்வெட்டு, மேலே இருப்பவர்கள் தினமும் உற்பத்தி எவ்வளவு என்று கேட்கிறார்கள். "உங்களுடையது காகிதக் கணக்கு. வந்து அளந்து பாருங்கள்" என்று எழுதினார். தேதியையும் அவரே குறித்தார்.

மேடம் கன்னடத்துக்குத் தாவிவிட்டார். அவ்வளவு சந்தோஷம். நீல மை கறுப்பாகப் போகிறதே.

என்னையும் பாஷா பாயையும் அனுப்பினார். பாஷா பாய் எங்கள் கருவிகளின் தகப்பன். சிவாஜி நகரில் பிறந்தவர், தமிழும் தக்னி உருதுவும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். புகைபோக்கியின் பாதி உயரத்தில் ஒரு மேடை, அங்கே சுவரில் துளைகள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏணி.

"க்யா மேடம், எந்த ஊர் போனாலும் லிஃப்டுக்கு என்னைக் கண்டாலே காய்ச்சல் வந்துடுது" என்றார் பாஷா பாய், எனக்கு மேலே, இடுப்பில் கயிற்றோடு.

மேடையில் காற்று சேலையைப் பிடுங்கும். அதற்குத்தான் பேன்ட் போட்டு வந்திருந்தேன். அப்படியும் துப்பட்டாவைப் பிடுங்கியது. புகைபோக்கி ஆடும், பிரியா. மெல்ல, தூங்குகிறவரின் மார்பு போல. துளைக்குள் நீளக் குழாயை விடுவோம். முனையில் விரல் உறை மாதிரி ஒரு காகிதக் கூடு, திம்பிள். உலர்த்தி எடை போட்டுக் கொண்டுவந்தது. புகை என்ன வேகத்தில் மேலே போகிறதோ அதே வேகத்தில் குழாய் உறிஞ்ச வேண்டும். அதைவிட வேகமாக உறிஞ்சினால் சாம்பல் குறைவாகத் தெரியும், மெதுவாக உறிஞ்சினால் கூடுதலாகத் தெரியும். புகையோடு கூடவே நடக்க வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு ஒழுங்காக யாரோடும் நடந்ததில்லை.

குழாயை வெளியே எடுத்தோம். கன்னங்கரேல் என்று வரும் என்று நினைத்திருந்த திம்பிள், ஒருநாள் போட்ட சட்டையின் காலர் மாதிரி லேசாகப் பழுப்பேறி வந்தது.

"அரே, ரொம்ப சுத்தம்" என்றார் பாஷா பாய்.

நான் கீழே பார்த்தேன். ஊழியர்களின் குடியிருப்பு முழுக்க வெள்ளை. மாடிக்கு மாடி, கொடிக்குக் கொடி படுக்கை விரிப்பு, வேட்டி, கொசுவலை, ஜன்னல் திரை. காற்றில் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன.

"என்ன பாய், ஊர்ல ஏதாச்சும் விசேஷமா?"

"கல்யாணமா இருக்கும் மேடம். பூரா ஊருக்கும் ஷாமியானா கட்டின மாதிரி கீது."

*

நிலையத்தின் வேதியியலாளர் தனசேகர், குடியாத்தத்துக்காரர். அளவீட்டுத் தாளில் எங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அந்த ஊரில் தமிழ்க் குரல் கேட்டு எவ்வளவு நாளாயிற்றோ, சாயங்காலம் சாப்பிட வந்தே ஆக வேண்டும் என்றார். போனோம். அவர் மனைவி மல்லிகா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைக்கு மேல் இரண்டு கொடி, இரண்டிலும் துணி. குனிந்துதான் உள்ளே போக முடிந்தது.

தோசை வந்தது. மல்லிகாவின் பேச்சும் வந்தது.

"அக்கா, இன்னும் ரெண்டு நாள் இருங்களேன். கம்பளி பாக்கி கெடக்கு. இப்பதான் ஊற வெச்சேன்."

"நான் இருக்கறதுக்கும் கம்பளிக்கும் என்ன சம்பந்தம்?"

"ஐயோ, நீங்க இருந்தாதானே காயும்!"

அவள் சிரித்தாள். நான் புரியாமல் கூடவே சிரித்தேன்.

"அளக்க ஆளு வருதுன்னா எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்க்கா. ஒரு வாரமா ஈ.எஸ்.பி.ய தட்டிக் கொட்டி ரிப்பேர் பண்ணுவாங்க. அன்னிக்கி நல்ல கரியா போடுவாங்க. காலனியே உக்காந்து துவைக்கும். மத்த நாள்ல வெள்ளத் துணிய வெளிய போட்டா, எடுக்கறப்ப அது வெள்ளத் துணி இல்ல. ஸ்கூல்ல வெள்ளச் சட்டையே வேணாம்னு யூனிஃபார்ம சாம்பல் கலர்ல மாத்திட்டாங்க, தெரியுமா?"

தனசேகர் கையில் தோசைத் துண்டு அப்படியே நின்றது.

"மல்லிகா, சாம்பார் எடுத்துட்டு வா."

"சாம்பார் உங்க முன்னாடிதான் இருக்கு."

பாஷா பாய் தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப அக்கறையாகச் சட்னியைப் பார்த்தார்.

ரயில் பாதை ஓரமாக ஒக்கலிபுரத்தில் நாங்கள் இருந்தபோது, நீராவி இன்ஜின் தூரத்தில் ஊதினால் என் அம்மா ஓடிப்போய்க் கொடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு வருவாள். அந்த ஓட்டம்தான் ஞாபகம் வந்தது. இன்ஜின் போய்விடும். துணி திரும்பக் கொடிக்குப் போகும். மல்லிகாவுக்கு இன்ஜின் போவதே இல்லை. நாங்கள் வருகிற நாளில் மட்டும் அது கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.

விருந்தினர் விடுதிவரை தனசேகர் கூட வந்தார். பாதி வழி கடந்ததும் ஆரம்பித்தார்.

"மேடம், அவ சும்மா வெளையாட்டுக்குப் பேசறவ."

"தெரியும் சார்."

"அந்த ஷீட்ல என் கையெழுத்து இருக்கு. எனக்கு இன்னும் சர்வீஸ் நெறைய கெடக்கு. பொண்ணு படிக்கறா."

அளந்தது நாங்கள். குழாய் பொய் சொல்லவில்லை. பழுப்புக் காலர் நிறத்தில் வந்த அந்த எண்ணைக் கறுப்பு மையில் எழுதினால், நிலையம் பட்டியலின் உச்சியிலிருந்து அடிக்குப் போய்விடும். புதுப் பெட்டி இன்னும் பல வருடத்துக்கு இந்தப் பக்கமே வராது. இந்த அளவீடு நாடகம் என்று எழுதினால், முதலில் மாட்டுவது இந்த மனிதர்.

விடுதி வாசலில் நின்றார். செருப்பால் தரையில் ஏதோ கோடு போட்டார்.

"நாளைக்கி ரெண்டாவது ரன் இருக்கில்ல மேடம்? அளக்கறப்ப எரியற கரியில ஒரு சாம்பிள் எடுக்கணும்னு உங்க விதியில இருக்கில்ல?"

இருந்தது. ஆனால் பெரும்பாலும் நாங்கள் எடுப்பதில்லை. நிலையத்தின் ஆய்வுக்கூடம் தருகிற மாத சராசரியையே வாங்கிக்கொள்வோம்.

"எடுங்க. கொதிகலனுக்குள்ள போறதுக்கு முன்னாடி, ஃபீடர்லேருந்தே எடுங்க. விதிப்படி நடந்துக்கறத யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள் எடுத்தோம். கரி பளபளவென்று மின்னியது, உடைத்தால் கண்ணாடி போலப் பிளந்தது.

"மேடம், இது நகைக்கடை கரி" என்றார் பாஷா பாய். டப்பாவில் போட்டு மெழுகால் மூடினோம். ரயிலில் அந்த டப்பாவை என் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

*

பெங்களூருக்கு வந்து உலையில் வைத்து எரித்தோம். கிண்ணத்தில் மிஞ்சிய சாம்பல், அந்த நிலையம் மாதாமாதம் எழுதி அனுப்புகிற சாம்பலில் பாதிகூட இல்லை.

வத்சலா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணிக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு தமிழ் பேசினார்.

"அப்ப நாம போறதாலதான் அங்க சுத்தமா இருக்கு. நாம அளந்தது அந்த நிலையத்த இல்ல. நம்ம வரவ அளந்திருக்கோம்."

"ஆனா மேடம், அளவு சரி. ரெண்டு ரன்னும் ஒத்துப்போகுது. அளந்தது இருந்தா கணக்கு எழுந்திருக்கணும்னு நீங்கதானே..."

"நான்தான் சொன்னேன். யாரு இல்லன்னா?"

அவருக்கும் வேதனை. எனக்கும் இருந்தது, வேறு மாதிரி. அது நான் ஏறி எடுத்த எண், பிரியா. காற்றில் ஆடிக்கொண்டு, புகையோடு புகையாக நடந்து எடுத்த என் முதல் கறுப்பு மை. பிள்ளை பெற்றவள் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"நாடகம்னு எழுதிடலாமா மேடம்?"

"வேணாம். நாம போலீஸ் இல்ல. எழுதினா அந்த கெமிஸ்ட் தலையிலதான் விழும். அவன் நமக்கு வழி காட்டினான். நாம அவன மாட்டி விடறதா?"

டப்பாவைக் கையில் எடுத்தார். மூடியைத் திறந்து, மீதிக் கரியைத் தாளில் கொட்டி, விரலால் தள்ளினார்.

"செல்வி, இந்த எண் எந்தக் கரியோடது?"

"இந்தக் கரியோடது."

"இந்தக் கரியையா அவங்க வருஷம் பூரா எரிக்கறாங்க?"

"இல்ல."

"அப்ப இந்த எண் வருஷத்தோடது இல்ல. அன்னிக்கிதோடது. அஷ்டே, அவ்ளோதான். இதுல யார் மேலயும் குத்தம் இல்ல. விதிப்படி நாம சாம்பிள் எடுத்தோம், விதிப்படி அது பொருந்தல."

கன்னடம் திரும்ப எட்டிப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. பட்டியலில் அந்த நிலையத்தின் வரி நீல மையிலேயே நின்றது. குறிப்புப் பகுதியில் மேடம் தம் கையால் எழுதினார்: அளவீடு உண்டு; அன்று எரிந்த நிலக்கரிக்கு மட்டுமே பொருந்தும். எங்கள் பழக்கத்தில் முதல் தடவையாகக் கறுப்பு நின்றுகொண்டே வந்தது, நீலம் உட்கார்ந்திருந்தது.

*

பட்டியலை முடிவு செய்யும் கூட்டம் எங்கள் ஊரிலேயே நடந்தது. நான் மேடத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு, டப்பாவைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமைப் பொறியாளர் வந்திருந்தார். தடித்த மீசை, களைத்த கண்கள், மரியாதையான குரல். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், நான் தமிழில் சொல்கிறேன்.

"மேடம், உங்கள் ஆட்களே வந்தார்கள். உங்கள் கருவியாலேயே அளந்தார்கள். எங்கள் எண் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?"

அறை முழுக்க மேடத்தைப் பார்த்தது. நான் என் முழங்கால்களைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு மல்லிகாவின் கம்பளிதான் நினைவில் இருந்தது. அது காய்ந்திருக்குமா என்று.

மேடம் கையைப் பின்னால் நீட்டினார். டப்பாவைக் கொடுத்தேன். அதை மேசைமேல், தலைமைப் பொறியாளர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"நல்ல எண்தான். இந்தக் கரியை எரித்தால் வரும். வருடம் முழுக்க இதையே எரிப்போம் என்று எழுதிக் கொடுங்கள். இங்கேயே, இப்பவே மாற்றிவிடுகிறேன்."

தலைமைப் பொறியாளர் டப்பாவைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை, அதற்குள் என்ன இருக்கிறது என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு ஆச்சரியமாக, சிரித்தார். கசப்பான சிரிப்பு இல்லை. முதுகிலிருந்து எதையோ இறக்கி வைத்தவரின் சிரிப்பு.

"அந்தக் கரி கிடைத்தால் நான் ஏன் மேடம் இங்கே வருகிறேன்?" என்றார். தன் ஃபைலை மூடினார். நிலையம் உச்சியிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு மேடம் பழக்கத்தையே மாற்றினார். அளக்க வருகிறோம் என்று நிலையத்துக்கு மாதத்தை மட்டும் சொல்வோம். நாளைச் சொல்ல மாட்டோம். இதை எல்லாரும் ஒத்துக்கொள்ள நிறையக் கடிதம் ஆயிற்று, நிறையத் தமிழும் ஆயிற்று.

*

அரசாங்கப் பெட்டி அரசாங்க வேகத்தில்தான் வரும். அந்த நிலையத்தில் புது ஈ.எஸ்.பி. ஓடத் தொடங்கியபோது நூற்றாண்டு மாறியிருந்தது, வத்சலா மேடம் ஓய்வு பெற்றிருந்தார், தனசேகரை எப்போதோ வேறு நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எல்லாரையும்தான் மாற்றுகிறார்கள்.

ஒருநாள் மத்தியானம் அலுவலகத் தொலைபேசியில் மல்லிகா.

"அக்கா, ஞாபகம் இருக்கா? தோசை!"

"கம்பளி காஞ்சுதா?" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கம்பி அதிர்ந்தது. பழைய குடியிருப்பில் இருக்கும் சிநேகிதி பேசினாளாம். அங்கே இப்போது எந்த நாளும் துவைக்கிறார்களாம். பள்ளியில் மறுபடி வெள்ளைச் சட்டை கொண்டுவரலாமா என்று கூட்டம் போட்டார்களாம்.

"ரொம்ப சந்தோஷம் மல்லிகா. நீங்க இருக்கற எடத்துல எப்படி?"



"இங்க அளக்க யாருமே வர்றதில்லக்கா. வந்தாலாவது ஒருநாள் துவைக்கலாம்."

பேசிக்கொண்டே பட்டியலைத் திறந்தேன். அவள் இப்போது இருக்கிற நிலையத்தின் வரி பென்சிலில் இருந்தது. பக்கத்து வீட்டு எண். யாருடைய எண் என்று பார்த்தேன். அதே வயசு, அதே சுரங்கத்துக் கரி என்று, அவள் விட்டுவிட்டு வந்த அந்தப் பழைய நிலையத்தின் எண்ணையே கடன் கொடுத்திருந்தோம். புதுப் பெட்டி வந்ததும் அந்த எண்ணைப் பாதிக்கும் கீழே இறக்கியிருந்தோம். கூடவே இதுவும் இறங்கியிருந்தது. ஒரு ஊரில் பெட்டி மாட்டினார்கள், எங்கள் காகிதத்தில் இரண்டு ஊர் சுத்தமாகிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை. எங்கள் பழக்கம்தான் செய்தது. மல்லிகாவின் கொடிக்கு மேலே இருந்த சாம்பலை நாங்களே, உட்கார்ந்த இடத்திலிருந்து, துடைத்துவிட்டோம்.

ரப்பரை எடுத்து அந்த எண்ணை அழித்தேன். காதில் ரிசீவரோடு.

"மல்லிகா, நாங்க வர்றோம்."

"நெசமாவா? எப்பக்கா? என்னிக்கி?"

"மாசம் வேணும்னா சொல்றேன். நாள் சொல்ல மாட்டேன்."

"என்னக்கா இது! அப்ப துணி?"

"ஊற வெக்காதீங்க."

மெதுவாக, "சரிக்கா" என்றாள். விளையாட்டாகப் பேசுகிறவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

போனோம். பாஷா பாய்க்கு முழங்கால் வலி வந்துவிட்டிருந்தது, ஆனால் லிஃப்டுக்குக் காய்ச்சல் தீரவில்லை. ஏறினோம். புகைபோக்கி ஆடியது. குழாயை உள்ளே விட்டு, புகையோடு கூடவே நடந்து, வெளியே எடுத்தோம். திம்பிள் கரி பிடித்த அடுப்பங்கரைச் சுவர் நிறத்தில் வந்தது. கீழே ஃபீடரில் கரி மங்கலாக, கல்லும் மண்ணுமாக இருந்தது. அந்த எண் கேட்காமலே "உள்ளேன் அம்மா" என்றது.

பாஷா பாய் மூச்சு வாங்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"சரியான நாள்லதான் வந்தமா மேடம்?"

நான் கீழே பார்த்தேன். நல்ல வெயில், நல்ல காற்று. குடியிருப்பில் மாடிக்கு மாடி கொடிகள் இருந்தன. ஒன்றிலும் துணி இல்லை.

"சரியான நாள்தான் பாய்" என்றேன்.